எதிர்வீட்டுக்காரருக்குத் துப்பாக்கி விற்கலாமா?

அமெரிக்காவில் ஒரு ராஜ்யத்திலிருந்து இன்னொரு ராஜ்யத்துக்கு ரைபிள் கைமாறும் கதை

அமெரிக்காவின் தென்பகுதியில் டெக்ஸர்கானா என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊர் ஒன்றுதான், ராஜ்யம் இரண்டு. ஊரின் நடுவே போகும் பெரிய வீதிக்கு 'ஸ்டேட் லைன் அவென்யூ' என்று பெயர். 'ராஜ்ய எல்லை வீதி' என்று அர்த்தம். வீதிக்கு மேற்கே இருப்பவர்கள் டெக்ஸஸ் ராஜ்யத்துப் பிரஜைகள். கிழக்கே இருப்பவர்கள் அர்க்கன்ஸா ராஜ்யத்தைச் சேர்ந்தவர்கள். மேயர்கள் இரண்டு பேர், நகரசபைகள் இரண்டு, போலீஸ் படைகளும் இரண்டு.

ஊருக்குப் பொதுவாக இருப்பது ஒரு கட்டடம். தபாலாபீசும் மத்திய சர்க்கார் கோர்ட்டும் அதில் இருக்கின்றன. 1933-ம் வருஷம் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கட்டடம் எல்லைக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அடிப்பாகத்துக்கு டெக்ஸஸ் கருங்கல், சுவருக்கு அர்க்கன்ஸா சுண்ணாம்புக்கல் என்று கல்லிலும் சமரசம் செய்திருக்கிறார்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அதன் முன்னால் ஒரு காலை ஒரு ராஜ்யத்திலும் மறு காலை இன்னொரு ராஜ்யத்திலும் ஊன்றிக்கொண்டு போட்டோ பிடித்துக் கொள்வது வழக்கம்.

இந்த வீதியின் மேற்குப் பக்கத்தில் ஒரு கிழவர் வசிக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். அவரிடம் தகப்பனார் காலத்து வின்செஸ்டர் ரைபிள் ஒன்று இருக்கிறது. மான் வேட்டைக்காரர்கள் மிகவும் விரும்பும் '94' என்ற மாடல். இப்போது கிழவருக்குக் கண் மங்கிவிட்டது, கை நடுங்குகிறது. காட்டுக்குப் போக முடியவில்லை. முப்பது வருஷமாக அவரோடு வேட்டைக்குப் போன நண்பர் ஒருவர் வீதியின் கிழக்குப் பக்கத்தில், நேர் எதிர்வீட்டில் இருக்கிறார்.

"அதை எனக்கே கொடுத்துவிடுங்கள். அறுநூறு டாலர் தருகிறேன்" என்கிறார் நண்பர்.

"உனக்கில்லாமல் வேறு யாருக்கு? வந்து எடுத்துக்கொண்டு போ" என்கிறார் கிழவர்.

பணம் தயார், மனமும் தயார். நண்பர் வீதியைக் கடந்து வந்து ரைபிளை வாங்கிக்கொண்டு போகலாமா? கூடாது! அப்படிச் செய்தால் விற்றவர், வாங்கியவர் இருவருமே மத்திய சட்டத்தை மீறியவர்கள் ஆவார்கள். தெரிந்தே செய்த குற்றம் என்று ருசுவானால் ஐந்து வருஷம் வரை சிறைவாசம் கிடைக்கலாம்.

பக்கத்து வீடு என்றால் பரவாயில்லை!

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே நண்பர் கிழவரின் பக்கத்து வீட்டில், அதாவது டெக்ஸஸ் பக்கத்தில் குடியிருந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. டெக்ஸஸ் ராஜ்யத்தில் ஒரு தனி மனிதர் தம் சொந்த ரைபிளை அதே ராஜ்யத்து மனிதர் ஒருவருக்கு விற்பதற்குப் பாரம் கிடையாது, பதிவு கிடையாது, சர்க்கார் சோதனையும் கிடையாது. துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டம் தடுத்திருக்கும் மனிதர் என்று தெரிந்தோ, அப்படி எண்ணக் காரணம் இருந்தோ விற்கக் கூடாது. அவ்வளவுதான் கட்டுப்பாடு. அர்க்கன்ஸாவிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில் பெரும்பாலான ராஜ்யங்களில் ரைபிளுக்கு லைசென்ஸ் என்ற பேச்சே இல்லை. ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையை அந்நாட்டு அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் பேசுகிறது. அது 1791-ம் வருஷத்திலேயே அமுலுக்கு வந்துவிட்டது. அப்படிப்பட்ட தேசத்தில் வீதியைத் தாண்டி ஒரு பழைய ரைபிளை விற்பதற்கு மட்டும் ஏன் இத்தனை தடை?

அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் டெக்ஸர்கானாவிலிருந்து சுமார் 180 மைல் மேற்கே இருக்கும் டல்லாஸ் நகரத்துக்குப் போக வேண்டும். அறுபது வருஷத்துக்கு மேல் பின்னோக்கியும் போக வேண்டும்.

21 டாலர் 45 சென்ட்

1963-ம் வருஷம் மார்ச் மாதம். சிக்காகோ நகரத்து விளையாட்டுச் சாமான் கம்பெனி ஒன்றுக்கு டல்லாஸிலிருந்து ஒரு தபால் வந்தது. பத்திரிகை விளம்பரத்திலிருந்து வெட்டி எடுத்த கூப்பன் ஒன்றும், மணியார்டரும் அதில் இருந்தன. இத்தாலிய ராணுவம் கழித்துப் போட்ட பழைய ரைபிள் ஒன்று, தூரதிருஷ்டிக் கண்ணாடியுடன், விலை 19 டாலர் 95 சென்ட். அனுப்பும் செலவு ஒன்றரை டாலர். ஆகமொத்தம் 21 டாலர் 45 சென்ட். ஆர்டர் கொடுத்தவர் பெயர் 'ஏ. ஹிடெல்'. விலாசம் டல்லாஸில் ஒரு தபால் பெட்டி எண்.

கம்பெனி பணத்தைப் பெற்றுக்கொண்டது, ரைபிளை அனுப்பியது. கேட்டவர் யார், என்ன வயது, என்ன குணம் என்று விசாரிக்கச் சட்டம் அப்போது யாரையும் கேட்கவில்லை. 'ஹிடெல்' என்று ஒருவர் உண்மையில் இல்லவே இல்லை. அந்தப் பெயரில் எழுதியவன் லீ ஹார்வி ஆஸ்வால்ட்.

எட்டு மாதம் கழித்து, நவம்பர் 22-ந் தேதி, டல்லாஸ் வீதியில் திறந்த காரில் போய்க்கொண்டிருந்த ஜனாதிபதி ஜான் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். பாடப் புத்தகக் கிடங்கு ஒன்றின் ஆறாவது மாடியில் போலீஸார் கண்டெடுத்தது சிக்காகோவிலிருந்து தபாலில் வந்த அதே ரைபிள்தான்.

தபால் மூலம் துப்பாக்கி விற்கும் வியாபாரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று கனெக்டிகட் ராஜ்யத்து செனட்டர் தாமஸ் டாட் என்பவர் கென்னடி இறப்பதற்கு முன்பே மசோதா கொண்டுவந்திருந்தார். அது கைத்துப்பாக்கியைப் பற்றியது. கொலைக்குப் பிறகு ரைபிளையும் அதில் சேர்த்தார். இருந்தும் மசோதா நகரவில்லை. ஒரு வருஷம் போயிற்று. இரண்டு வருஷம் போயிற்று. நான்கு வருஷம் ஆகியும் சட்டம் பிறக்கவில்லை.

1968-ம் வருஷம் ஏப்ரல் 4-ந் தேதி மெம்ஃபிஸ் நகரில் மார்டின் லூதர் கிங் ரைபிள் குண்டுக்குப் பலியானார். கொலைகாரன் அந்த ரைபிளை அலபாமா ராஜ்யத்துக் கடை ஒன்றில் பொய்ப் பெயர் கொடுத்து வாங்கியிருந்தான். இரண்டே மாதத்தில், ஜூன் 5-ந் தேதி, கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடி லாஸ் ஏஞ்சல்ஸ் ஹோட்டல் ஒன்றில் சுடப்பட்டு மறுநாள் இறந்தார். அதற்குப் பிறகுதான் காங்கிரஸ் சபை அசைந்து கொடுத்தது. அந்த வருஷம் அக்டோபர் 22-ந் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்ஸன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். தேசத்திலுள்ள துப்பாக்கிகள் அனைத்தையும் பதிவு செய்ய வேண்டும், வைத்திருப்பவருக்கு லைசென்ஸ் வேண்டும் என்றுகூட அவர் விரும்பினார். காங்கிரஸ் அதற்கு இணங்கவில்லை. கிடைத்த வரையில் லாபம் என்று கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சட்டத்தின் சாரம் இது: லைசென்ஸ் இல்லாத ஒருவர், வேறு ராஜ்யத்தில் வசிக்கும் லைசென்ஸ் இல்லாத ஒருவருக்குத் துப்பாக்கியை விற்கக் கூடாது, பண்டமாற்றாகவும் கொடுக்கக் கூடாது, இனாமாகக்கூடக் கொடுக்கக் கூடாது. இடையில் லைசென்ஸ் பெற்ற வியாபாரி ஒருவர் இருந்தே தீர வேண்டும். ஆஸ்வால்டுக்காக எழுதிய சட்டம் டெக்ஸர்கானா கிழவரையும் பிடித்துக்கொண்டது. சட்டத்துக்கு முகம் தெரியாது அல்லவா?

கடைக்காரர் முன்னிலையில்

அப்படியானால் நம் கிழவர் தம் ரைபிளை நண்பருக்குக் கொடுக்கவே முடியாதா? தாராளமாகக் கொடுக்கலாம். அதற்கு வழி இருக்கிறது. வழி அப்படி ஒன்றும் கடினமும் இல்லை.

மத்திய சர்க்காரின் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றுக்கு இருவரும் போக வேண்டும். ரைபிளானபடியால் கடை டெக்ஸஸ் பக்கத்திலும் இருக்கலாம். அர்க்கன்ஸா பக்கத்திலும் இருக்கலாம். கைத்துப்பாக்கியாக இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. வாங்குகிறவர் வசிக்கும் ராஜ்யத்துக் கடை மூலமாகத்தான் அது கைமாற முடியும். ரைபிளுக்கும் ஒரு காலத்தில் அண்டை ராஜ்யம் என்ற எல்லை இருந்தது. 1986-ம் வருஷத்துத் திருத்தம் அதை நீக்கிவிட்டது. விற்கும் இடத்துச் சட்டம், வாங்குகிறவர் ஊர்ச் சட்டம் இரண்டும் அனுமதித்தால் போதும். எந்த ராஜ்யத்துக்காரரும் நேரில் வந்து வாங்கலாம்.

கடைக்காரர் முதலில் ரைபிளின் சொந்தக்காரர் பெயரையும் விலாசத்தையும், ரைபிளை உற்பத்தி செய்த கம்பெனி, மாடல், தொடர் எண் ஆகியவற்றையும் தம் பேரேட்டில் வரவு எழுதிக்கொள்வார். கணக்குப்படி ரைபிள் இப்போது கடைச் சரக்கு ஆகிவிட்டது. பிறகு வாங்குகிறவரிடம் ஒரு பாரத்தை நீட்டுவார். அதன் எண் 4473. அமெரிக்காவில் துப்பாக்கி வாங்கிய எவருக்கும் மறக்காத எண் அது.

பெயர், விலாசம், பிறந்த தேதி ஆகியவற்றை எழுதி, போட்டோ உள்ள அடையாளச் சீட்டைக் காட்ட வேண்டும். அதன் பிறகு வரிசையாகக் கேள்விகள். பெருங்குற்றத்துக்காகத் தண்டனை அடைந்தவரா? கோர்ட்டுக்குத் தப்பி ஓடிக்கொண்டிருப்பவரா? போதை மருந்துப் பழக்கம் உண்டா? மனநிலை காரணமாகக் கோர்ட்டின் தீர்ப்புக்கு ஆளானவரா? மனைவி மக்களை அடித்ததற்காகத் தண்டிக்கப்பட்டதுண்டா? இந்தத் துப்பாக்கியை உண்மையில் வாங்குகிறவர் நீர்தானா? எல்லாவற்றுக்கும் பதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பொய் எழுதினால் அதுவே தனிக் குற்றம்.

அடுத்து கடைக்காரர் டெலிபோன் மூலமாகவோ கம்ப்யூட்டர் மூலமாகவோ மத்தியப் புலனாய்வு இலாகாவை விசாரிக்கிறார். 1981-ம் வருஷம் மார்ச் 30-ந் தேதி ஜனாதிபதி ரீகனைக் கொல்ல ஒருவன் சுட்டபோது அவருடைய பத்திரிகைக் காரியதரிசி ஜேம்ஸ் பிரேடி தலையில் குண்டு பாய்ந்து வாழ்நாள் முழுவதும் முடமானார். அவர் பெயரால் 1993-ம் வருஷம் ஒரு சட்டம் நிறைவேறியது. அதன் பலனாக 1998-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி இந்த உடனடிச் சோதனை முறை ஆரம்பமாயிற்று. மேற்கு வர்ஜீனியா ராஜ்யத்தில் கிளார்க்ஸ்பர்க் என்ற இடத்தில் அதன் தலைமை நிலையம் இருக்கிறது.

அங்கிருந்து மூன்றில் ஒரு பதில் வரும். 'கொடுக்கலாம்', 'தாமதம்', 'கொடுக்கக் கூடாது'. 'கொடுக்கலாம்' என்று வந்துவிட்டால் அறுநூறு டாலர் கிழவர் பைக்குப் போகிறது. வின்செஸ்டர் நண்பர் கைக்குப் போகிறது. கடைக்காரர் தம் சிரமத்துக்கு ஒரு தொகை வாங்கிக்கொள்வார். எவ்வளவு என்று மத்தியச் சட்டம் சொல்லவில்லை, அவரவர் இஷ்டம். இந்த வேலையைச் செய்தே ஆக வேண்டும் என்றும் அந்தச் சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

'கொடுக்கக் கூடாது' என்று வந்தால்? அங்கேதான் ஒரு நுணுக்கம். கிழவர் ரைபிளைக் கடையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால், அதை அவரிடம் திருப்பிக் கொடுப்பதற்கும் அதே பாரம், அதே சோதனை. தம்முடைய சொந்த ரைபிளைத் திரும்பப் பெறத் தாமும் பரீட்சை எழுத வேண்டியதுதான்!

ஆயிரம் மைல் தூரமானால்?

எதிர்வீட்டுக்காரரானால் சேர்ந்தே கடைக்குப் போகலாம். வாங்குகிறவர் மான்டானாவிலோ மெயினிலோ இருந்தால் என்ன செய்வது? அப்போது ரைபிள் பயணம் போக வேண்டும். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் வாங்குகிறவர் வீடு அல்ல. அவர் ஊரிலுள்ள லைசென்ஸ் பெற்ற கடை.

விவரம் தெரிந்தவர்கள் இந்தக் காரியத்தை ஒழுங்காகச் செய்கிறார்கள். முதலில் வாங்குகிறவர் தம் ஊர்க் கடைக்காரர் ஒருவரைப் பேசி முடிவு செய்கிறார். தனி மனிதரிடமிருந்து வரும் துப்பாக்கியை வாங்கிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டுக்கொள்கிறார். எல்லாக் கடைக்காரர்களும் சம்மதிப்பதில்லை. அந்தக் கடையின் லைசென்ஸ் நகல் விற்பவருக்கு வருகிறது. லைசென்ஸ் எண்ணை வைத்து அது உண்மையானதுதானா, காலாவதி ஆகாததா என்று பார்த்துக்கொள்ள சர்க்காரே வசதி செய்திருக்கிறது. விற்பவர் அதில் கண்ட விலாசத்துக்கு மட்டுமே அனுப்புகிறார். பார்சலுக்குள் தம் பெயர், விலாசம், அடையாளச் சீட்டின் நகல், யாருக்காக அனுப்பப்படுகிறது என்ற குறிப்பு ஆகியவற்றை வைக்கிறார். இல்லாவிட்டால் கடைக்காரர் பேரேட்டில் எப்படி வரவு எழுதுவார்?

தோட்டாவை நீக்கிவிட்டு அனுப்ப வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. ரைபிளைத் தனி மனிதர் இப்படி வெளி ராஜ்யத்துக் கடைக்காரருக்கு அனுப்பத் தபால் இலாகா அனுமதிக்கிறது. பார்சலின் மேல் உள்ளே இருப்பது துப்பாக்கி என்று காட்டும் அடையாளம் எதுவும் இருக்கக் கூடாது. திருடர்களுக்கு அழைப்பு அனுப்பியது போல ஆகிவிடும். பெரிய தனியார் பார்சல் கம்பெனிகள் இப்போது லைசென்ஸ்காரர்களிடமிருந்து மட்டுமே துப்பாக்கியை வாங்குகின்றன. ஆகையால் பலர் தங்கள் ஊர்க் கடைக்காரர் மூலமாகவே அனுப்பிவிடுகிறார்கள். அதற்கு இன்னொரு கூலி.

போய்ச் சேருகிற ராஜ்யத்தின் சட்டத்தையும் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவில் துப்பாக்கி கடைக்கு வந்த பிறகும் பத்து நாள் காத்திருக்க வேண்டும். சில வகை ரைபிள்கள் அந்த ராஜ்யத்துக்குள் நுழையவே கூடாது. இல்லினாய்ஸ் ராஜ்யத்தில் போலீஸ் இலாகா கொடுத்த அடையாள அட்டை இல்லாமல் துப்பாக்கி வாங்க முடியாது. ஒரு ராஜ்யத்தில் சாதாரண வேட்டைத் துப்பாக்கியாக இருப்பது இன்னொரு ராஜ்யத்தில் குற்றப் பொருளாகிவிடலாம். அனுப்பிய பிறகு யோசித்துப் பயன் இல்லை.

செத்த பிறகு கொடுக்கலாம்!

சட்டத்தில் சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று விசித்திரமானது. டெக்ஸஸ் தாத்தா தம் ரைபிளை அர்க்கன்ஸாவிலுள்ள பேரனுக்குப் பிறந்த நாள் பரிசாக நேரே கொடுக்க முடியாது, கடைக்காரர் வேண்டும். அதே தாத்தா உயிலில் எழுதி வைத்துவிட்டு இறந்து போனால், பேரன் கடைக்காரர் இல்லாமலே ரைபிளைத் தன் ஊருக்குக் கொண்டு போகலாம். உயில் இல்லாமல் வாரிசு முறைப்படி வந்தாலும் சரியே. ஆயுதம் வைத்துக்கொள்ள அவனுக்குத் தடை இருக்கக் கூடாது. அவன் ராஜ்யத்துச் சட்டமும் இடம் கொடுக்க வேண்டும். உயிரோடு கையால் கொடுக்க முடியாததை இறந்த பிறகு காகிதத்தால் கொடுக்க முடிகிறது!

வேட்டைக்கோ குறி பார்த்துச் சுடும் போட்டிக்கோ தற்காலிகமாக இரவல் கொடுப்பதும் அனுமதிக்கப்பட்டதே. வெளி ராஜ்யத்து நண்பர் வேட்டைக்கு வந்தால் கிழவர் தம் ரைபிளைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

பழம்பொருளுக்குத் தனி விதி. 1898-ம் வருஷத்திலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி இந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் துப்பாக்கியே அல்ல; புராதனப் பொருள். வின்செஸ்டர் 94 மாடல் 1894-ம் வருஷம் வெளிவந்தது. ஜான் பிரௌனிங் என்ற மேதை அதை வடிவமைத்தார். எழுபது லட்சத்துக்கு மேல் செய்து விற்றிருக்கிறார்கள். அவற்றில் 1898-ல் செய்ததை மத்தியச் சட்டப்படி எல்லை தாண்டி நேரே விற்கலாம். 1899-ல் செய்ததை விற்கக் கூடாது. உருவம் ஒன்று, குண்டு ஒன்று, வருஷம்தான் வேறு.

ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்டு, செய்தபோது இருந்தபடியே இருக்கும் துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்கென்று மூன்று வருஷத்துக்கு 30 டாலர் கட்டணத்தில் ஒரு லைசென்ஸ் உண்டு. எதிர்வீட்டு நண்பர் அதை வாங்கி வைத்திருந்தால் கடைக்காரர் இல்லாமலே கிழவரின் ரைபிளைப் பெறலாம். ஆனால் கடைக்காரர் போலவே அவரும் பேரேடு எழுத வேண்டும்.

மாமாவுக்காக வாங்கிய மருமகன்

நல்லெண்ணம் மட்டும் இருந்தால் சட்டம் மன்னித்துவிடுமா? வர்ஜீனியா ராஜ்யத்தில் முன்னாள் போலீஸ்காரர் ஒருவருக்கு நேர்ந்ததைக் கேட்டால் புரியும். பென்ஸில்வேனியாவிலிருந்த அவருடைய மாமா ஒரு கைத்துப்பாக்கி வேண்டும் என்றார். போலீஸ்காரர்களுக்கு விலையில் தள்ளுபடி உண்டு என்பதால் மருமகன் வாங்கித் தருவதாகச் சொன்னார். மாமா 400 டாலருக்குச் செக் அனுப்பினார். மருமகன் வர்ஜீனியாக் கடையில் வாங்கினார். 'உண்மையில் வாங்குகிறவர் நீர்தானா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுதினார். பிறகு பென்ஸில்வேனியாவுக்குப் போய், அங்கே லைசென்ஸ் பெற்ற கடைக்காரர் மூலமாக, சோதனையும் செய்து, மாமாவிடம் ஒப்படைத்தார்.

மாமாவும் யோக்கியர், மருமகனும் யோக்கியர். எல்லை தாண்டிய விதத்தில் குற்றம் இல்லை. ஆனால் முதல் கடையில் எழுதிய 'ஆம்' பொய் என்று வழக்கு வந்தது. பணம் கொடுத்தவர் மாமா. வாங்கியவர் மருமகன் பெயரில். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2014-ம் வருஷம் ஜூன் 16-ந் தேதி ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாகப் பிரிந்து, மருமகன் செய்தது குற்றமே என்று தீர்ப்பாயிற்று. பாரம் எழுதுகிறவர் யாரோ, துப்பாக்கி யாருக்கோ என்றால் சோதனைக்கே அர்த்தம் இல்லை என்பதுதான் தீர்ப்பின் கருத்து.

2022-ம் வருஷத்துச் சட்டம் இதை இன்னும் கடுமையாக்கியிருக்கிறது. வாங்கத் தடையுள்ளவருக்காகவோ, குற்றத்துக்கு உபயோகிக்கப் போகிறவருக்காகவோ பினாமியாக வாங்குகிறவருக்குப் பதினைந்து வருஷம் வரை தண்டனை உண்டு.

சல்லடையில் ஓட்டை

இவ்வளவு செய்தும் சல்லடையில் ஓட்டை இல்லையா? இருக்கிறது.

சோதனைக்கு 'தாமதம்' என்று பதில் வந்து, மூன்று வேலை நாட்களுக்குள் வேறு தகவல் வராவிட்டால், கடைக்காரர் விரும்பினால் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம். 2015-ம் வருஷம் தென் கரோலினாவில் ஓர் இளைஞனுக்கு இப்படித்தான் கைத்துப்பாக்கி கிடைத்தது. அவன் கைதான விவரம் எந்தப் போலீஸ் நிலையத்தில் இருக்கிறது என்ற குழப்பத்தில் நாள் கடந்துவிட்டது. ஜூன் 17-ந் தேதி சார்ல்ஸ்டன் நகரத்து மாதாகோவிலில் வேதபாடம் படித்துக்கொண்டிருந்தவர்களில் ஒன்பது பேரை அவன் சுட்டுக் கொன்றான். அந்தத் துப்பாக்கி அவனுக்குக் கிடைத்திருக்கவே கூடாது என்று புலனாய்வு இலாகாத் தலைவரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

ராஜ்யத்துக்குள்ளேயே நடக்கும் தனியார் விற்பனை இன்னொரு வாசல். டெக்ஸஸில் ஒருவன் 2014-ம் வருஷம் கடையில் துப்பாக்கி வாங்கப் போய்ச் சோதனையில் தோற்றான். இரண்டு வருஷம் கழித்து அதே ராஜ்யத்துத் தனி மனிதர் ஒருவரிடம் ரைபிள் வாங்கினான். அங்கே கேள்வியும் இல்லை; பாரமும் இல்லை. 2019-ம் வருஷம் ஆகஸ்டு 31-ந் தேதி ஒடெஸ்ஸா, மிட்லண்ட் நகரங்களில் அவன் காரில் போய்க்கொண்டே சுட்டதில் ஏழு பேர் மாண்டார்கள். விற்றவர் லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கி வியாபாரம் நடத்தி வந்தவர் என்று தெரிந்து அவருக்கு இரண்டு வருஷம் சிறை கிடைத்தது. சொந்தத் துப்பாக்கியை எப்போதாவது விற்பது வேறு. லாபத்துக்காக வாங்கி வாங்கி விற்பது வேறு என்பதை அவர் அறிந்தும் அறியாதவர் போல் இருந்துவிட்டார்.

இதனால்தான் கலிபோர்னியா, கொலராடோ, வாஷிங்டன் போன்ற ராஜ்யங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்பதானாலும் கடைக்காரர் மூலம் சோதனை வேண்டும் என்று தாங்களே சட்டம் செய்துகொண்டிருக்கின்றன. 'இது உரிமையில் கை வைப்பது' என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். 'ஏன் இந்த வேலியைத் தேசம் முழுவதும் போடவில்லை?' என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வாதம் ஓய்ந்தபாடில்லை.

கிழவர் இரவில் தூங்குவார்

துப்பாக்கிகள் அனைத்துக்கும் ஒரு மத்தியப் பதிவேடு ஏற்படுத்தக் கூடாது என்று 1986-ம் வருஷத்துச் சட்டம் தடுத்திருக்கிறது. ஆகையால் ஒரு குற்றம் நடந்த இடத்தில் துப்பாக்கி அகப்பட்டால், மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரிலுள்ள சர்க்கார் நிலையம் தொடர் எண்ணை வைத்துக்கொண்டு கம்பெனி, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று படிப்படியாக விசாரித்துப் போக வேண்டும். கடைசியில் கிடைப்பது கடையில் முதலில் வாங்கியவரின் பெயர். அவர் யாருக்கோ கையோடு கை விற்றுவிட்டிருந்தால் சங்கிலி அங்கே அறுந்து போகும். போலீஸார் வந்து கதவைத் தட்டுவது அவர் வீட்டில்தான்.

ஆகவே கடைக்காரரின் பேரேட்டில் விழும் இரண்டு வரிகள் சர்க்காருக்கு மட்டும் பயன்படுவன அல்ல. விற்பவருக்கும் அவை கவசம். இன்ன தேதியில் இந்த ரைபிள் இவர் கையை விட்டுப் போயிற்று. வாங்கியவரைப் பற்றி விசாரித்தார்கள். குறை ஒன்றும் இல்லை. இதற்குச் சாட்சி இருக்கிறது.

டெக்ஸர்கானா கிழவர் முதலில் முணுமுணுத்துக்கொண்டுதான் கடைக்குப் போவார். முப்பது வருஷ நண்பனுக்கு ஒரு துப்பாக்கி கொடுக்க இத்தனை சடங்கா என்று தோன்றும். நண்பர் பாரத்தில் ஒவ்வொரு கேள்வியாகப் படித்து எழுதுவார். கிழவர் சுவரோரமாக நின்று தகப்பனாரின் ரைபிளைக் கடைசி முறையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். டெலிபோனில் 'கொடுக்கலாம்' என்று பதில் வரும்.

தெரிந்த நண்பனுக்கு இது வீண் சடங்குதான். ஆனால் 1963-ம் வருஷம் சிக்காகோவில் கூப்பனைப் பிரித்துப் பார்த்த குமாஸ்தாவுக்கும் 'ஏ. ஹிடெல்' என்ற பெயர் ஒரு சாதாரண வாடிக்கைக்காரர் பெயராகத்தான் தெரிந்தது. யார் என்று கேட்க ஒருவர் வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே அமெரிக்கச் சட்டம் எல்லைக் கோட்டில் ஒரு கடைக்காரரை நிறுத்தி வைத்திருக்கிறது.

இருவரும் வெளியே வந்து ராஜ்ய எல்லை வீதியில் பிரிவார்கள். ஒருவர் மேற்கே, ஒருவர் கிழக்கே. ரைபிள் கிழக்கே போகும்.